உப்பு பூத்த கொல்லையை செடி வச்சு மீட்கிறது எப்படி – தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து விவசாயிங்களுக்கு

"உப்பை இழுக்குற செடி இருக்காமே, அத நட்டா நெலம் தானா சரியாயிருமா"ன்னு இப்ப நெறைய பேரு கேக்குறாங்க. செடி இருக்குது, வேலையும் செய்யும். ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்காம வெதை வாங்கிப் போட்டா காசும் போயிரும், நெலத்து மேல இருந்த நம்பிக்கையும் போயிரும், அதனால மொதல்ல ஒரு கணக்கு பாத்துட்டு அப்புறம் செடிக்கு வருவோம்.

உங்க போர் தண்ணியோட இ.சி. 2-ன்னு வச்சுக்குங்க. இ.சி.ங்கிறது தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற அளவு, 1-ன்னா லிட்டருக்கு சுமாரா 640 மில்லிகிராம் உப்பு, அப்ப 2-ன்னா லிட்டருக்கு 1.28 கிராம். ஒரு ஏக்கர்ல 5 சென்டிமீட்டர் ஒசரத்துக்கு தண்ணி கட்டுனா அது ரெண்டு லட்சம் லிட்டர். பெருக்கிப் பாருங்க, 256 கிலோ வருது. அம்பது கிலோ மூட்டையில அஞ்சு மூட்டை உப்ப ஒரே பாய்ச்சல்ல நாமளே கொண்டாந்து கொட்றோம். இப்ப செடி பக்கம் வாங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரங்க 2007-ல வெளியிட்ட ஆய்வுல, கடலோரத்துல தானா வளர்ற உமரிச் செடி 4 மாசத்துல ஹெக்டேருக்கு 504 கிலோ உப்ப இழுத்து தன்னோட உடம்புல சேத்து வச்சுது. ஏக்கருக்குப் பாத்தா சுமார் 200 கிலோ. உப்பு இழுக்குறதுல பேர் போன செடி நாலு மாசம் எடுக்குறத நாம ஒரு தண்ணியில திருப்பிக் கொட்டிட முடியும்னா, செடிய மட்டும் நம்பி ஆவாதுன்னு புரியும்.

அப்போ செடி எதுக்குன்னு கேப்பீங்க. உப்பு மேல ஏர்றதுக்கு காரணமே வெயிலுதான். மண்ணு மொட்டையா கெடந்தா அடியில இருக்குற ஈரம் மேல வந்து ஆவியாயிரும், அது சுமந்துட்டு வந்த உப்பு மட்டும் மேல தங்கிரும், தரிசா போட்ட நெலத்துல வருஷா வருஷம் உப்பு கூடுறது இதனாலதான். செடி மூடுனா நெழல் விழுந்து அந்த ஏத்தம் கொறையும். அடுத்தது வேர். வேர் எறங்கி மக்குன எடத்துல எல்லாம் சின்னச் சின்ன ஓட்டை நிக்கும், அது வழியா மழைத் தண்ணி உள்ள போவும். களர் நெலமா, அதாவது சோடியம் மண்ணோட ஒட்டி இறுகிப் போன நெலமா இருந்தா இன்னொரு வேலையும் நடக்கும்: வேர் மூச்சு விடுறப்ப வர்ற கார்பன் டை ஆக்சைடு மண்ணுக்குள்ள கெடக்குற சுக்காங்கல்லை கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும், அதுலருந்து வர்ற கால்சியம் மண்ணுல ஒட்டிக்கிட்டு இருக்குற சோடியத்த தள்ளிட்டு அந்த எடத்துல உக்காந்துக்கும். தள்ளிவிட்ட சோடியம் தண்ணியோட கீழ போயிரணும். போறதுக்கு தண்ணி வேணும், வழியும் வேணும்.

அந்தத் தண்ணி நமக்கு வானத்துலருந்து சும்மா வருது. நம்ம பக்கம் வருஷத்துக்கு சுமாரா 850 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கருக்கு அது 34 லட்சம் லிட்டர், அதுல உப்புன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கெடையாது. ஒரு அடி ஆழ மண்ணு வழியா ஒரு அடி தண்ணி முழுசா கீழ எறங்குனா கரையுற உப்புல 80 சதம் வரைக்கும் அடிச்சுட்டுப் போயிரும்ங்கிறது மண்ணியல்காரங்க ரொம்ப நாளா வச்சிருக்குற கணக்கு. ஆக இந்த 34 லட்சம் லிட்டர்ல எவ்வளவ நெலத்துக்குள்ள எறக்குறோம்ங்கிறதுதான் மொத்த வேலையும், செடி அதுக்கு வழி பண்ணிக் குடுக்குது.

மொதல்ல உவரா களரான்னு பாருங்க

நம்மாளுங்க எல்லாத்தையும் சேத்து "உப்பு நெலம்", "சவுடு"ன்னு சொல்லிருவாங்க. ஆனா மருந்து ரெண்டுக்கும் வேற. உவர் நெலத்துல கரையுற உப்பு ஜாஸ்தி, காஞ்சா வெள்ளையா பூக்கும், மண்ணு பொலபொலன்னு இருக்கும், தண்ணி உள்ள எறங்கும். களர் நெலத்துல சோடியம் மண்ணோட ஒட்டிக்கிட்டு இருக்கும், மழை பேஞ்சா நாள் கணக்குல தண்ணி கலங்கலா நிக்கும், காஞ்சா பாளம் பாளமா வெடிச்சு கல்லு மாதிரி இறுகிரும், சில எடத்துல மேல கறுப்பா எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிஞ்சிருக்கும்.

வீட்டுலயே ஒரு சோதனை பண்ணலாம், செலவு ஒண்ணுமில்ல. கொல்லையில நாலஞ்சு எடத்துல கோலிகுண்டு அளவுக்கு காஞ்ச மண்கட்டி எடுத்துக்குங்க. கண்ணாடி டம்ளர்ல மழைத் தண்ணியோ பேட்டரிக்கு ஊத்துற தண்ணியோ ஊத்துங்க, போர் தண்ணி ஊத்துனா சோதனையே தப்பாயிரும் ஏன்னா அதுலயே உப்பு இருக்குது. கட்டிய மெதுவா உள்ள விட்டுட்டு ஆட்டாம கலக்காம அப்படியே வைங்க. பத்து நிமிஷத்துல ஒரு தடவ, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவ பாருங்க. கட்டி உதுந்து அடியில குவிஞ்சு மேல தண்ணி தெளிவா நின்னா களர் பிரச்சினை பெருசா இல்ல. கட்டிய சுத்தி பால் விட்ட மாதிரி ஒரு வெள்ளைப் புகை கெளம்பி, அது பரவி டம்ளரே கலங்கிப் போச்சுன்னா களர். சோடியம் மண்ணோட நுண்துகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாம பிரிக்கிறதத்தான் நீங்க கண்ணால பாக்குறீங்க, அதே துகள்தான் மழையில கரைஞ்சு மேல அடைச்சுக்கிட்டு தண்ணிய உள்ள விடாம பண்றது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. உவரும் களரும் சேந்த நெலத்துல உப்பு நெறைய இருக்குற வரைக்கும் தண்ணி தெளிவாத்தான் நிக்கும். உப்ப கழுவி விட்ட அப்புறம்தான் களர் வெளிய தெரியும், திடீர்னு நெலம் இறுகிப் போவும். அதனால டம்ளர் சோதனை மட்டும் பத்தாது, லேபுக்கு அனுப்பியே ஆவணும்.

மண்ணு எடுக்குறப்ப மேல பூத்த உப்ப தனியா சொரண்டி ஒரு கவர்ல போடுங்க. அப்புறம் அரை அடி வரைக்கும் ஒண்ணு, அரை அடியிலருந்து ஒரு அடி, ஒண்ணுலருந்து ரெண்டு அடி, ரெண்டுலருந்து மூணு அடின்னு தனித்தனியா எடுங்க. நல்லா இருக்குற எடத்து மண்ணையும் உப்பு பூத்த எடத்து மண்ணையும் கலக்காதீங்க, கலந்தா ரெண்டையும் பத்தி ஒண்ணும் தெரியாத ஒரு ரிப்போர்ட் வரும். பி.எச். (மண்ணோட அமில, கார அளவு), இ.சி. ரெண்டு மட்டும் போதும்னு விட்டுறாம சோடியம் சதவீதமும் ஜிப்சம் தேவையும் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்க, ஜிப்சம்ங்கிறது களர்ல சோடியத்த தள்ளுறதுக்கு கால்சியம் குடுக்குற தூள். ரெண்டு மாவட்டத்துலயும் வேளாண்மைத் துறையோட மண் பரிசோதனை நிலையம் இருக்கு, தருமபுரிக்காரங்களுக்கு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும், கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு காவேரிப்பட்டணம் பக்கம் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் கேட்டு விசாரிக்க ஆவும்.

ரிப்போர்ட் படிக்கிறப்ப கவனமா இருங்க. புஸ்தகத்துல எல்லாம் இ.சி. 4-க்கு மேல போனா உவர்னு இருக்கும், அது மண்ண சேறா குழைச்சு அதுலருந்து பிழிஞ்சு எடுத்த சாறுக்கு சொல்ற அளவு. நம்ம ஊர் லேபுல பெரும்பாலும் மண்ணுல ரெண்டு மடங்குக்கு மேல தண்ணி ஊத்தி கலக்கித்தான் பாப்பாங்க, அங்க எண் கம்மியாத்தான் வரும். அந்த ரிப்போர்ட்ல 1-க்கு கீழ இருந்தா பயமில்ல, 1-லருந்து 3 வரைக்கும் மொளைப்புல தகராறு பண்ணும், 3-க்கு மேல போனா பெரும்பாலான பயிரு அடிவாங்கும். 1.8 வந்திருக்கு, 4-க்கு கீழதானேன்னு தைரியமா பீன்ஸ் போட்டுறாதீங்க. பி.எச். 8.5-ஐ தாண்டி, சோடியம் சதவீதம் 15-ஐ தாண்டுனா அது களர்.

தண்ணியையும் பாத்துருங்க

மோட்டார கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணியில பாட்டில அலசி, ஒரு லிட்டர் புடிச்சு அன்னைக்கே குடுத்துருங்க. இ.சி.யோட கூட ஆர்.எஸ்.சி.ன்னு ஒண்ணு பாக்கச் சொல்லுங்க. தண்ணியில கால்சியம், மக்னீசியத்த விட கார்பனேட், பைகார்பனேட் எவ்வளவு ஜாஸ்தியா இருக்குங்கிற கணக்கு அது. 1.25-க்கு கீழ நல்லது, 2.5-க்கு மேல போனா அந்தத் தண்ணி நல்ல மண்ணையே களராக்கிரும். நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் இது ரொம்ப முக்கியம். இங்க நெலத்தடி தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். ஃபுளோரைடு கூடுதலா இருக்குற தண்ணியில பொதுவா கால்சியம் கம்மியாவும் சோடியமும் பைகார்பனேட்டும் தூக்கலாவும் இருக்கும். பல்லுல கறை விழுற ஊருன்னா அந்த போர் தண்ணிய நெலத்துக்கு விடுறதுக்கு முன்னாடியும் ஒரு தடவ சோதிச்சுப் பாக்குறது நல்லது.

ஆர்.எஸ்.சி. ஜாஸ்தின்னா ஜிப்சத்த தண்ணியில கரைச்சு விடலாம், வாய்க்கா தலையில ஒரு தொட்டி கட்டி ஜிப்சத்த நெரப்பி தண்ணி அது வழியா போற மாதிரி பண்ணா போதும். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் பாய்ச்சலுக்கு, ஆர்.எஸ்.சி.யில ஒவ்வொரு எண்ணு கொறைக்கவும் சுத்தமான ஜிப்சம் சுமார் 17 கிலோ புடிக்கும். இ.சி. ஜாஸ்தின்னா அதுக்கு கரைக்கிற மருந்து எதுவும் கெடையாது, மழைத் தண்ணியோட மாத்தி மாத்தி விடணும், இல்ல பாய்ச்சுறதையே கொறைக்கணும். ஒரு பண்ணைக்குட்டை வெட்டுனா இதுக்கு ரொம்ப ஒதவும், மழைத் தண்ணிய சேத்து வச்சு மொளைப்பு நேரத்துக்கு மட்டுமாவது அத விட்டா பாதி பயிர் பொழைச்சுக்கும், ஏன்னா உப்புக்கு பயிரு ரொம்ப பயப்படுறது மொளைக்கிறப்பவும் நாத்தா இருக்குறப்பவும்தான்.

டிரிப் போட்டிருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். சொட்டு விழுற எடத்துல உப்பு இருக்காது, ஈரம் முடியுற ஓரத்துல வட்டமா போய் சேந்து நிக்கும். அப்ப ஒரு சின்ன தூறல் விழுந்தா அந்த வட்டத்து உப்பு மொத்தமும் கரைஞ்சு வேருக்கே திரும்ப வந்துரும், மழை பேஞ்ச மறுநாள் செடி வாடுதேன்னு கொழம்புறது இதனாலதான். மொத மழை தூறுறப்ப டிரிப்ப நிறுத்தாதீங்க, நல்லா கனமா பேஞ்சு மண்ணு முழுக்க நனையுற வரைக்கும் ஓடட்டும்.

நெலத்த தயார் பண்றது

பங்குனி, சித்திரையில இந்த வேலைய முடிச்சுரணும். கொல்லைய மட்டம் பண்ணுங்க, மேடா இருக்குற எடத்துலதான் உப்பு ஏறி நிக்கும், பள்ளத்துல தண்ணி தேங்கும், மட்டமா இருந்தாத்தான் மழை எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி எறங்கும். சின்னச் சின்ன பாத்தியா பிரிச்சு ஒரு அடி ஒசரத்துக்கு வரப்பு போட்டு வைங்க, விழுற மழை வெளிய ஓடாம அங்கயே நிக்கணும்.

தாழ்வான பக்கம் ரெண்டு மூணு அடி ஆழத்துக்கு வடிகால் வெட்டணும். நம்ம பக்கம் நெறைய எடத்துல மண்ணுக்கு கொஞ்சம் கீழயே பாறை வந்துரும், எறங்குன தண்ணி பாறை மேல நின்னு திரும்ப ஏறி வரும், ஏரிக்கு கீழ இருக்குற கொல்லைங்கள்ல கசிவு தண்ணியும் அதோட சேந்துக்கும். ஒரு ஆள் ஆழத்துக்கு குழி வெட்டிப் பாருங்க, தண்ணி ஊறி நிக்குதுன்னா வடிகால் இல்லாம எந்தச் செடி வச்சும் பிரயோஜனமில்ல. வடியுற உப்புத் தண்ணி அடுத்தவங்க கெணத்துப் பக்கமோ ஊர் ஏரிக்கோ போயிராம ஓடையில சேர்ற மாதிரி பாருங்க, நம்ம நெலம் தெளிஞ்சு பக்கத்துக் கொல்லை கெட்டுதுன்னா அது நியாயமில்ல.

களர்னு ரிப்போர்ட் வந்தா மட்டும் ஜிப்சம். தேவைன்னு போட்டிருக்குற அளவுல பாதிய கோடை மழைக்கு முன்னாடி தூவி மேல் நாலு அங்குலத்துல கலக்குற மாதிரி லேசா ஓட்டுங்க, ஆழமா பொரட்டாதீங்க. வட்டார வேளாண் விரிவாக்க மையத்துல கெடைக்குமான்னு கேட்டுப் பாருங்க, நெலக்கடலைக்குன்னு ஜிப்சம் வச்சிருப்பாங்க. வெறும் உவர் நெலத்துக்கு ஜிப்சம் வேண்டியதில்ல, அதுவும் ஒரு உப்புதான். அதே மாதிரி களர் நெலத்த ஜிப்சம் இல்லாம நல்ல தண்ணி விட்டு மட்டும் கழுவாதீங்க, இன்னும் இறுகிரும்.

இப்ப செடிக்கு வருவோம்

மொத ஆள் தக்கைப்பூண்டு, வளத்து மடக்கி உழுற பசுந்தாள் உரச் செடி. நான் யாரு கேட்டாலும் இதுலருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன், வெதை ஈஸியா கெடைக்கும், உப்பு தாங்கும், களர் தாங்கும், தண்ணி தேங்குனாலும் தாங்கும். ஏக்கருக்கு 20 கிலோ வெதை, உப்பு கடுமையா இருந்தா கொஞ்சம் கூட போடுங்க, மொளைக்காம போறதுக்கும் சேத்துத்தான். வெதைய ராத்திரி நல்ல தண்ணியில ஊற வச்சு, சித்திரை கடைசியிலயோ வைகாசியிலயோ நல்ல மழை ஒண்ணு பேஞ்சு ஈரம் இருக்குறப்ப வெதைச்சுருங்க. 45-லருந்து 50 நாள்ல பூ எடுக்குற நேரத்துல மடக்கி உழுதுரணும். தாண்ட விட்டா தண்டு நாராயிரும், மக்குறதுக்கு மாசக்கணக்கா ஆவும். உழுறதுக்கு முன்னாடி ஒரு செடிய மண்வெட்டியால மெதுவா பேத்து எடுத்துப் பாருங்க. வேர்ல உருண்டை உருண்டையா முடிச்சு இருக்கும், ஒண்ண நகத்தால கிள்ளுங்க, உள்ள ரோஸ் கலரா இருந்தா தழைச்சத்து புடிக்குதுன்னு அர்த்தம். ஆணிவேர் நேரா எறங்கியிருக்கா இல்ல அரை அடியில முட்டி பக்கவாட்டுல திரும்பியிருக்கான்னு பாருங்க. திரும்பியிருந்தா அந்த ஆழத்துல இறுகுன தட்டு இருக்கு, அடுத்த கோடையில உளிக்கலப்பை போட்டு ஒடைக்கணும். சணப்பு களர்ல அவ்வளவா வராது, தக்கைப்பூண்டு வெதை கெடைக்கலைன்னா மணிலா அகத்தி பாக்கலாம்.

தக்கைப்பூண்டே மொளைக்காத திட்டு சிலது இருக்கும். அந்த எடத்துக்கு புல்லுதான். அருகம்புல்லு உப்பு நல்லா தாங்கும், கரணை வெட்டி நட்டா படந்துரும், ஆனா பின்னாடி அதையே களையா புடுங்க வேண்டி வரும், அதனால பயிருக்கு மீக்கணும்னு நெனைக்கிற எடத்துல வேணாம், வரப்புக்கும் வடிகால் கரைக்கும் வைங்க. ரோட்ஸ் புல்லு நல்லது, மாடும் திங்கும். ஈரம் தேங்குற களர் பள்ளத்துக்கு கர்னால் புல்லு அருமையானது, அரியானாவுல கர்னால்ல இருக்குற மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் களர் நெலத்துக்கு ரொம்ப காலமா பரிந்துரைக்கிறது, நம்ம பக்கம் கரணை கெடைக்கிறதுதான் கஷ்டம். கெடைக்கலைன்னா நீர்ப்புல்லு. அறுத்த புல்ல அங்கயே போட்டு மக்க விடாம வெளிய எடுத்து மாட்டுக்குப் போடுங்க, கொஞ்சமோ நஞ்சமோ உப்பு அதோட வெளிய போவும். மாட்டுக்கு கூடவே வைக்கோலும் தட்டும் கலந்து போட்டு, குடிக்க நல்ல தண்ணி தாராளமா வைக்கணும்.

உமரி மாதிரி கடலோரச் செடி நம்ம ஊருக்கு வேண்டியதில்லைன்னுதான் நெனைக்கிறேன். அது ஈர உப்பு மண்ணுல வளர்ற செடி, நம்ம காஞ்ச காத்துக்கும் மானாவாரிக்கும் போர் தண்ணி விட்டுத்தான் வளக்கணும், அந்தத் தண்ணியோட உப்பும் வந்து சேரும்னு மேலயே கணக்கு பாத்தோம்.

தக்கைப்பூண்ட மடக்கி ரெண்டு மூணு வாரம் மக்க விட்டு ஆவணி, புரட்டாசியில பயிர் வைக்கலாம். நம்ம ஊர்ல ராகிதான் மொத சாய்ஸ், ஓரளவுக்கு உப்பு தாங்கும், திருச்சி 1-ன்னு ஒரு ராகி ரகமே களர் நெலத்துக்குன்னு வந்தது. நேரா வெதைக்காதீங்க. நல்ல மண்ணுல நாத்து விட்டு, வழக்கத்த விட ஒரு வாரம் முத்துன நாத்தா, குத்துக்கு ஒண்ணு ரெண்டு கூடுதலா வச்சு நெருக்கி நடுங்க. தீவனம் வேணும்னா சோளம், கோ.எஃப்.எஸ். 29 மாதிரி மறுதாம்பு விடுற ரகம் போட்டா பல தடவ அறுக்கலாம், வேர் நல்லா ஆழமா போவும். சின்னதுல வாடுன சோளத்த மாட்டுக்குப் போட்டுறாதீங்க, அதுல விஷம் இருக்கும், பூ வந்த அப்புறம் அறுக்குறதுதான் பத்திரம். பருத்தி, சோளம், காராமணி இந்த வரிசையில உப்பு தாங்கும்: சாறு இ.சி. அளவுல பருத்தி 7.7, சோளம் 6.8, காராமணி 4.9 வரைக்கும் மகசூல் விழாம நிக்கும். நெலக்கடலை 3.2, தக்காளி 2.5, பீன்ஸ் 1. நெலக்கடலை அந்த எண்ண தாண்டுச்சுன்னா சரசரன்னு விழுந்துரும். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளிதான் பொழப்பு, அவங்க மண்ணுல உப்பு ஏற ஆரம்பிச்சா மொத அடி தக்காளிக்கும் பீன்ஸுக்கும்தான் விழும்.

பார் பாத்தி போட்டு நடுறதா இருந்தா பாரோட உச்சியில நடாதீங்க. ரெண்டு பக்கமும் தண்ணி ஓடுறப்ப உப்பு எல்லாம் உச்சிக்குத்தான் ஏறும். பக்கச் சரிவுல, தண்ணி மட்டத்த ஒட்டி நட்டா செடி தப்பிச்சுக்கும். உரத்துலயும் கவனம் வேணும், களர்ல யூரியாவுக்கு பதிலா அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ்ல சல்பேட் வகை, துத்தநாகம் கண்டிப்பா. கோழி எரு வேணாம், அதுலயே உப்பு இருக்கு, மாட்டெருவும் ஏரி வண்டலும் எவ்வளவு கெடைச்சாலும் போடுங்க.

எதுக்கும் மசியாத மூலை ஒண்ணு இருந்தா அத மரத்துக்கு விட்டுருங்க. கருவேல், நீர்மருது, சவுக்கு நல்லா தாங்கும், புங்கம், வேம்பு, இலந்தை, நெல்லி, புளி ஓரளவுக்கு தாங்கும். மாங்கன்னு வைக்காதீங்க, கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு மாமரம்தான் கை குடுக்குற மரம் ஆனா அது உப்புக்கு ரொம்ப மென்மை, எல நுனி கருகிட்டே வந்து கடைசியில பட்டுரும். களர்ல குழி அகலமா வெட்டுறத விட ஆழமா போறது முக்கியம், டிராக்டர் ஆகர்ல ஒரு அடிக்குள்ள அகலமும் நாலடி ஆழமும் துளை போட்டு சுக்காங்கல் தட்ட தாண்டிரணும். அந்த மண்ணோட 3-லருந்து 5 கிலோ ஜிப்சமும் 8-லருந்து 10 கிலோ மக்குன எருவும் கலந்து நெரப்பி, தண்ணி ஊத்தி ஆற விட்டு, ஆடியிலயோ புரட்டாசியிலயோ நடுங்க. ஏரிக் கசிவு வர்ற பக்கம் ஒரு வரிசை நீர்மருதும் புங்கமும் வச்சா கசிவுத் தண்ணிய அது குடிச்சுக்கும். இந்த வேலைக்கு தைலமரம் சொல்றவங்க இருக்காங்க, தண்ணிக்கு அல்லாடுற ஊர்ல எனக்கு அதுல மனசில்ல. சீமைக்கருவேல் எந்த உப்புலயும் வரும்னு தெரியும், அத மட்டும் கொண்டாந்துறாதீங்க, பக்கத்துல இருக்குற பத்து கொல்லைக்கும் பரவிரும்.

நெலம் திருந்துதான்னு எப்படி தெரியும்

பச்சையா இருக்குறத மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, நல்ல மழை வருஷத்துல எல்லா நெலமும் பச்சையாத்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் தெறந்த ஒரு பெரிய பெயிண்ட் டின்ன நாலு அங்குலம் மண்ணுல அடிச்சு எறக்கி, ஒரு தடவ நனைய விட்டு, அப்புறம் ரெண்டு அங்குலம் தண்ணி ஊத்தி எறங்க எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாருங்க. மொத வருஷம் குறிச்சு வச்ச நேரத்தோட அடுத்த வருஷம் ஒத்துப் பாத்தா வேர் என்ன பண்ணியிருக்குன்னு தெரிஞ்சுரும். களர் நெலத்துல மொத மாத்தம் இதுலதான் வரும், பி.எச். கொறைய அதுக்கு மேலயும் காலம் ஆவும்.

சோதனைக்கு மண்ண வருஷா வருஷம் தை மாசத்துல, மழை முடிஞ்ச அப்புறம், அதே எடத்துல அதே ஆழத்துல எடுங்க. ஒரு தடவ தையிலயும் மறு தடவ சித்திரையிலயும் எடுத்து ஒத்துப் பாத்தா கணக்கு தப்பும், வெயில்ல உப்பு மேல ஏறியிருக்கும். மேல் ஒரு அடியில இ.சி. எறங்கி, ரெண்டு மூணு அடியிலயும் எறங்கிட்டு வந்தா உப்பு நெலத்த விட்டுப் போவுது, அப்ப ராகியிலருந்து காராமணி, அப்புறம் நெலக்கடலைன்னு ஒவ்வொரு படியா போங்க, தக்காளிய கடைசியா வைங்க. மேல எறங்கி கீழ ஏறுதுன்னா உப்பு எங்கயும் போவல, மூணடியில உக்காந்து கோடைக்கு காத்துட்டு இருக்குது, வடிகால அடுத்த மழைக்கு முன்னாடி இன்னும் ஒரு அடி ஆழமாக்கி, அறுவடை முடிஞ்ச கையோட தட்டையும் தழையையும் போட்டு மண்ண மூடிருங்க.